தகடு வாங்கும் முன் கணக்கைச் சரிபார்ப்போம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர இயலாதவர்கள் கேட்டதால் எழுத்தில் தருகிறேன்.)



கீழ வரிசை வீடுகளுக்கு அலுமினியத் தகடு அடிப்பது பற்றிப் பேசும்படி செயலாளர் சொன்னார். நான் எலெக்ட்ரிக்கல் படித்தவன் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் சங்கத்தின் வைப்புத்தொகையிலிருந்து 2,10,000 ரூபாய் வெளியே போகப்போகிற விஷயம் இது. வவுச்சரில் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை படித்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் பழக்கம். அப்படித்தான் ஒரு மாதமாக இதைப் படித்தேன். மின்சாரம் தெரிந்த இரண்டு பேரிடம் கேட்டுச் சரிபார்த்தும் கொண்டேன்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். கீழ வரிசை ஆறு வீடுகளுக்குப் பின்னால் டிரான்ஸ்பார்மரும் அதிலிருந்து போகிற கம்பிகளும் இருக்கின்றன. போன மாதம் ஒருவர் வந்தார். செல்போனைச் சுவர் அருகே காட்டினார். 43 என்று காட்டியது. "பாருங்கள், 43 மைக்ரோடெஸ்லா, காந்தக் கதிர்வீச்சு. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலும் பின்சுவரிலும் அலுமினியத் தகடு அடித்தால் நின்றுவிடும்" என்றார். மொத்தத்துக்கும் விலை சொன்னார். ஆறு வீட்டிலும் அன்று இரவு தூக்கம் போனது. கைக்குழந்தை உள்ள ஒரு வீட்டுத் தங்கச்சி என்னிடம், "அண்ணாச்சி, காசு போனால் போகுது, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டது. அந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்ல வேண்டும். கேலி செய்து ஒதுக்கக் கூடாது. ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கம்பியிலிருந்து என்ன வருகிறது?

மின்கம்பியைச் சுற்றி இரண்டு வகைப் புலம் இருக்கிறது. ஒன்று மின்புலம். அது வோல்ட்டேஜைப் பொறுத்தது. சுவர், மரம், கூரை எது குறுக்கே வந்தாலும் பெரும்பகுதி தடைபட்டுவிடும். இன்னொன்று காந்தப்புலம். அது கம்பியில் ஓடும் கரண்ட்டை, அதாவது ஆம்பியரைப் பொறுத்தது. செங்கல்லும் சிமெண்ட்டும் அதைத் தடுப்பதில்லை. இந்தக் காந்தப்புலத்தைத்தான் மைக்ரோடெஸ்லா என்ற அலகில் அளக்கிறார்கள். நம் வீட்டுக் கரண்ட் நொடிக்கு 50 தடவை திசை மாறி மாறி ஓடுவதால், அதன் காந்தப்புலமும் 50 தடவை மாறி மாறி ஆடுகிறது.

இதைக் 'கதிர்வீச்சு' என்று சொல்வதே பயம் காட்டுகிற சொல். எக்ஸ்ரே போல உடம்பைத் துளைத்து அணுவை உடைக்கிற சக்தி இதற்குக் கிடையாது.

செல்போன் காட்டிய 43

அன்று காட்டிய 43 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். செல்போனுக்குள் திசைகாட்டிக்காக ஒரு சிறிய காந்த உணரி இருக்கிறது. பூமியின் காந்தப்புலத்தை அறிவதற்காக வைத்தது. பூமியின் காந்தப்புலம் உலகில் இடத்துக்கு இடம் ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும். நம் பகுதியில் சுமார் 40. காந்த நடுக்கோடு நம் தென்கோடி வழியாகப் போகிறது. அதனால்தான் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது.

நான் அதே மாதிரி செயலியை என் போனில் போட்டுக்கொண்டு, ஊருக்கு வெளியே கரிசல் காட்டுக்குப் போனேன். கண்ணுக்கு எட்டிய தூரம் கம்பமும் இல்லை, கம்பியும் இல்லை. பருத்திமார்தான் நின்றது. போன் 41 காட்டியது. நீங்களும் போய்ப் பாருங்கள். பைக்கின் பக்கத்தில் வைக்காதீர்கள், இரும்பு இருந்தால் கூடும், குறையும். சுவரில் 43 காட்டியதற்கும் உள்ளே இருக்கிற இரும்புக் கம்பியே போதுமான காரணம்.

பூமியின் புலம் ஆடாமல் அசையாமல் நிற்பது. நாம் பிறந்தது முதல் அதில்தான் இருக்கிறோம். கரண்ட் கம்பியின் புலம் ஆடுகிற புலம். அதை அளக்க அதற்கென்றே செய்த மீட்டர் வேண்டும். போனில் இருக்கும் உணரி 50 தடவை ஆடுவதை ஒழுங்காகப் பிடிக்காது. எடை பார்க்கத் தராசு கேட்டால் ஸ்கேலைக் காட்டுவது போன்றது அது. எனவே அன்று நம் நகரில் எதுவும் அளக்கப்படவில்லை. இதை முதலில் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

உலக அளவில் இந்த வரம்புகளைப் பரிந்துரைக்கும் குழு ஒன்று உண்டு. அயனியாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் என்று பெயர். 50 முறை ஆடும் புலத்துக்குப் பொதுமக்களுக்கான அளவாக 1998-இல் 100 மைக்ரோடெஸ்லா என்றும், 2010-இல் திருத்தி 200 என்றும் சொன்னார்கள். இது உடனடி விளைவுகளை வைத்துச் சொன்ன கணக்கு.

நீண்ட காலத்துக்கு என்ன ஆகும் என்ற கேள்வி 1979-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த ஒரு ஆய்வில் தொடங்கியது. பிறகு பல நாடுகளில் ஆய்வு நடந்தது. 2000-இல் அவற்றையெல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தார்கள். நாள் முழுக்கச் சராசரி 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த வீடுகளில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரிந்தது. ஆனால் ஆய்வில் இருந்த குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அந்த அளவுக்குக் கீழேதான் இருந்தார்கள். அவர்களுக்குக் கூடுதல் அபாயம் தெரியவில்லை. மேலே இருந்தவர்கள் மிகச் சிலர் என்பதால், அந்த இரண்டு மடங்கு காந்தப்புலத்தால் வந்ததா, வேறு எதனாலா என்று உறுதி சொல்ல முடியவில்லை.

இதை வைத்து 2002-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இந்தப் புலத்தை 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்' என்ற 2பி பட்டியலில் சேர்த்தது. அதே பட்டியலில் சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் இருக்கிறது. 2007-இல் உலக சுகாதார நிறுவனம் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தது. இதுதான் காரணம் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் பலமாக இல்லை, ஆனால் செலவு அதிகமில்லாமல் குறைக்க முடிந்தால் குறைப்பது நியாயம் என்று சொன்னது.

அந்தத் தங்கச்சிக்கு என் பதில் இதுதான். பயந்து தூக்கம் இழக்கக் காரணம் இல்லை. குறைக்கச் சுலபமான வழி இருந்தால் செய்துவிடலாம். முதல் வழிக்குக் காசே வேண்டாம்: பிள்ளையின் தொட்டிலைப் பின்சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றிவிடுங்கள். தூரம் கூடக்கூடக் காந்தப்புலம் வேகமாகக் குறையும். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலேயே, தலை உலர்த்தும் ஹேர் டிரையருக்கு 3 சென்டிமீட்டரில் 6 முதல் 2000 வரை போட்டிருக்கிறார்கள். ஒரு மீட்டர் தள்ளினால் 0.01 முதல் 0.03. அவ்வளவு வித்தியாசம்.

தூரத்தின் அருமையை நம் நாட்டு விஞ்ஞானிகள் நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். பம்பாய் கொலாபாவில் 1841 முதல் பூமியின் காந்தத்தை அளந்துகொண்டிருந்தார்கள். நகரத்தில் டிராம் வண்டி மின்சாரத்தில் ஓடப்போகிறது என்று தெரிந்ததும், அந்தக் கரண்ட்டால் அளவு கெட்டுப்போகும் என்று, மூஸ் என்ற இயக்குநர் அலிபாகில் புது ஆய்வுக்கூடம் கட்டினார். 1904-இல் அங்கே அளவெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பழைய கட்டடத்துக்குத் தகடு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, தள்ளிப்போனார்கள்.

500 ரூபாய் நோட்டும் 20 ரூபாய் நோட்டும்

பலரும் 11 ஆயிரம் வோல்ட் கம்பியைப் பார்த்துத்தான் பயப்படுகிறோம். காந்தப்புலம் வோல்ட்டேஜால் வருவதில்லை, ஆம்பியரால் வருகிறது என்றேன். அதே தொகையை 500 ரூபாய் நோட்டாகக் கொடுத்தால் கை நோட்டு குறைவு. 20 ரூபாய் நோட்டாகக் கொடுத்தால் கட்டுக்கட்டாக வரும். கரண்ட்டும் அப்படித்தான். 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒன்று முழு பாரத்தில் ஓடினால், 11 ஆயிரம் வோல்ட் பக்கம் கம்பிக்கு 5 ஆம்பியர் சொச்சம்தான். வீடுகளுக்கு வருகிற பக்கம் 133 ஆம்பியர். ஆக, காந்தப்புலம் அதிகம் வருவது நாம் சாதாரணமாக நினைக்கிற தாழ்வழுத்தக் கம்பிகளிலிருந்து.

உயிரைப் பறிக்கிற விஷயத்தில் மட்டும் 11 ஆயிரம் வோல்ட்தான் பெரிய எமன். அதற்குப் பிறகு வருகிறேன்.

டெபிட்டும் கிரெடிட்டும்

இப்போது என் பாடத்துக்கு வந்துவிட்டேன். கரண்ட் ஒரு கம்பியில் போனால் இன்னொரு கம்பியில் திரும்பி வந்தே ஆக வேண்டும். போவது டெபிட் என்றால் வருவது கிரெடிட். போகிற கரண்ட்டின் காந்தப்புலமும் வருகிற கரண்ட்டின் காந்தப்புலமும் எதிரெதிர் திசை. இரண்டு கம்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று கழித்துவிடும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தனிக் கம்பி ஒன்றில் 100 ஆம்பியர் ஓடுகிறது, திரும்புகிற கம்பி எங்கோ தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டர் தள்ளி நின்றால் 10 மைக்ரோடெஸ்லா. திரும்புகிற கம்பியை 30 சென்டிமீட்டர் பக்கத்தில் கொண்டுவந்தால் 1.5 ஆகிவிடும். ஒரு சென்டிமீட்டருக்குள் ஒட்டி வைத்தால் 0.05. அதே 100 ஆம்பியர், அதே 2 மீட்டர். தகடு ஒன்றும் வைக்கவில்லை. கம்பிகளைச் சேர்த்ததற்கே இருநூறில் ஒரு பங்காகிவிட்டது.

மூன்று பேஸ் லைனிலும் இதே நியாயம்தான். மூன்று பேஸும் நியூட்ரலும் சேர்ந்து கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். அதனால்தான் பெரிய கேபிள்களைப் போடும்போது மூன்றையும் முக்கோணமாக ஒட்டவைத்துக் கட்டுகிறார்கள். நான்கு கம்பியையும் முறுக்கி ஒரே கயிறு மாதிரி தொங்கவிடுகிற ஏரியல் பஞ்ச்டு கேபிள் சில ஊர்களில் பார்த்திருப்பீர்கள். மேலே உறை இருப்பதால் கொம்பு பட்டாலும் குருவி உட்கார்ந்தாலும் பயமில்லை. கம்பிகள் ஒட்டி இருப்பதால் காந்தப்புலமும் தானாகக் கழிந்துவிடும்.

அப்படியானால் தகடு பொய்யா?

பொய் இல்லை. தகடு வேலை செய்கிற இடம் உண்டு. எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே செய்யாது என்பதும் தெரியும்.

பழைய கரண்ட் மீட்டரை நினைத்துப் பாருங்கள். உள்ளே ஒரு அலுமினியத் தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். விளிம்பில் ஒரு அடையாளம் இருக்கும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. பிறகு ஏன் சுற்றியது? பக்கத்தில் இருக்கும் சுருளின் ஆடுகிற காந்தப்புலம் தட்டுக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். அந்த ஓட்டம்தான் தட்டைத் தள்ளியது. தகடும் இதே நியாயத்தில்தான் வேலை செய்கிறது. ஆடுகிற புலம் தகட்டில் சுழல் ஓட்டத்தை எழுப்பும். அந்த ஓட்டம் தன் பங்குக்கு எதிர்ப்புலம் ஒன்றை உண்டாக்கி, வந்த புலத்தைக் கழிக்கும். செம்பும் அலுமினியமும் கரண்ட்டை நன்றாகக் கடத்துவதால் இதற்குப் பொருத்தம். இரும்பு வேறு மாதிரி. அது புலத்தைத் தன் உடம்பு வழியாக இழுத்துக்கொண்டு போய்விடும்.

அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் மின்நிலையம் இருக்கிற இடங்களிலும், நிலத்தடிக் கேபிள்களை இணைப்புக் குழியில் பிரித்து வைத்தே ஆக வேண்டிய இடங்களிலும் இப்படித் தகடு போடுவது உண்டு. இத்தாலியில் 2003 முதல் புதிதாகப் போடும் லைன்கள் வீடுகளருகே 3 மைக்ரோடெஸ்லாவுக்குள் இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். அங்கெல்லாம் இது ஒரு முறையான தொழில்நுட்பம். ஆனால் நிபந்தனைகள் உண்டு.

தகடு கேபிளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அகலமாக இருக்க வேண்டும். விளிம்பைச் சுற்றிக்கொண்டு புலம் இந்தப் பக்கம் வந்துவிடும். தகடுகளைப் பற்றவைத்து ஒரே துண்டாக்க வேண்டும். நடுவே இடைவெளி விட்டு ஆணி அடித்தால் சுழல் ஓட்டம் அங்கே அறுந்துபோகும். தடிமன் சில மில்லிமீட்டராவது வேண்டும். 50 ஆட்டத்தில் புலம் செம்புக்குள் சுமார் 9 மில்லிமீட்டரும் அலுமினியத்துக்குள் சுமார் 12 மில்லிமீட்டரும் போன பிறகுதான் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்ற அளவுக்குத் தேயும். இட்லித் தட்டில் விரிக்கிற அலுமினியத் தாளும், போனில் ஒட்டுகிற ஸ்டிக்கரும் இங்கே செல்லாது.

"எர்த் கொடுத்துவிட்டோம், காந்தம் பூமிக்குள் போய்விடும்" என்பார்கள். மின்புலத்துக்கு அது சரி. காந்தப்புலத்தை எர்த் இழுக்காது. தகட்டுக்கு எர்த் கொடுப்பது நம் உயிருக்குப் பாதுகாப்பு, அதற்காகக் கட்டாயம் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில் செம்புத் தகடு அடித்திருக்கிறார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். அது ரேடியோ அலைகளை வெளியே நிறுத்த. அந்த அலைகள் நொடிக்குக் கோடிக்கணக்கில் ஆடுபவை. மெல்லிய செம்பே போதும். நம் 50 ஆட்டத்துக்கு அதே தகடு போதாது. வந்தவரின் நோட்டீஸில் சோலார் டிசி கம்பிக்கும் தகடு என்று இருந்தது. டிசி ஆடாத கரண்ட். ஆடாத புலம் அலுமினியத்தில் சுழல் ஓட்டத்தை எழுப்பாது. ஆகவே அந்த வரி முழுக்கத் தள்ளுபடி. சோலார் வைத்திருப்பவர்கள் பிளஸ், மைனஸ் கம்பிகளைப் பிரிக்காமல் ஒட்டியே கொண்டுவாருங்கள், அது போதும். இடி நேரத்தில் கம்பி வளையத்தில் எழும் கரண்ட்டும் அதனால் குறையும்.

கணக்கு உதைக்கிற இடம்

நான் வேலை பார்த்த ஒரு கிளையில், கம்ப்யூட்டர் வந்த புதிதில், கவுண்டரில் இருந்த டிவி மாதிரியான பழைய மானிட்டர் நாள் முழுக்க நடுங்கிக்கொண்டே இருக்கும். லெட்ஜர் எண்கள் அலைபாயும். கண் வலிக்கும். மானிட்டரை மாற்றினார்கள், அதுவும் நடுங்கியது. சுவருக்குப் பின்னால் மெயின் கேபிள் போகிறது என்று ஒரு அலுமினியத் தகட்டை வைத்தார்கள். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. கடைசியில் வயதான எலெக்ட்ரீஷியன் ஒருவர் கிளாம்ப் மீட்டரோடு வந்தார். ஒரு கம்பியைக் கவ்வவில்லை. பேஸ், நியூட்ரல் எல்லாவற்றையும் சேர்த்துக் கவ்வினார். பூஜ்யம் காட்ட வேண்டிய மீட்டர் 6 ஆம்பியர் காட்டியது.

போன கரண்ட்டில் 6 ஆம்பியர் அந்த வழியே திரும்பவில்லை. வயரிங் செய்தவர் ஒரு அறையின் நியூட்ரலை வேறு அறையின் நியூட்ரலோடு சேர்த்துவிட்டிருந்தார். கரண்ட் கிழக்கே போய் மேற்கே சுற்றி வந்துகொண்டிருந்தது, நடுவில் எங்கள் கவுண்டர். அதைப் பிரித்துச் சரியாக இணைத்ததும் நடுக்கம் நின்றது. தகட்டைக் கழற்றி வைத்துவிட்டோம்.

டிரையல் பேலன்ஸில் 6 ரூபாய் உதைத்தால் நாங்கள் வீட்டுக்குப் போக முடியாது. இங்கேயும் அதே சட்டம்தான். ஒட்டியிருக்கிற கம்பிகளில் 100 ஆம்பியர் முறையாகப் போய் வந்தால் 2 மீட்டரில் 0.05 என்று சொன்னேன். 5 ஆம்பியர் மட்டும் வேறு வழியில் திரும்பினால் அதே இடத்தில் 0.5. அதாவது பத்து மடங்கு. இந்த மிச்சக் கணக்கைத் தகடு தீர்க்காது. கொஞ்சம் திசை திருப்பும், அவ்வளவுதான்.

நம் வீடுகளில் இது எப்படி வருகிறது? நியூட்ரல் போய்விட்டது என்று எர்த் கம்பியில் கொடுத்து ஓட்டுவது. இன்வெர்ட்டர் போடும்போது இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரலைச் சேர்த்துவிடுவது. போர்வெல் மோட்டாருக்கு எர்த்தையே நியூட்ரலாக்குவது. இவையெல்லாம் காந்தப்புலத்தைவிடப் பல மடங்கு ஆபத்து. எர்த்தில் கரண்ட் ஓடினால் குளியலறைக் குழாயும் கிரைண்டர் உடம்பும் ஷாக் அடிக்கும். நம் கரிசல் மண் மழைக்காலத்தில் ஈரம் பிடித்து நல்ல எர்த்தாக இருக்கும். சித்திரை, வைகாசியில் பாளம் பாளமாக வெடித்துவிடும். அப்போது எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால் எர்த் பெயருக்குத்தான் இருக்கும்.

வீட்டில் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச் இருந்தால், அதன் வேலையே இந்த டெபிட், கிரெடிட் பார்ப்பதுதான். போகிறதும் வருகிறதும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டாலே விழுந்துவிடும். "அடிக்கடி விழுகிறது" என்று அதைக் கழற்றி எறிந்தவர்கள் நம் நகரில் இருக்கிறார்கள். கணக்குப் பிழையைச் சொல்கிற ஆடிட்டரை வேலையை விட்டு அனுப்புவதற்குச் சமம் அது.

தகடு தருகிற புது ஆபத்து

இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். வந்தவர் சொன்ன தகடு எட்டடிக்கு நாலடி. 2 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஒன்று 16 கிலோ இருக்கும். அதை மொட்டைமாடிக்கு ஏற்றி, 11 ஆயிரம் வோல்ட் கம்பி போகிற பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் நிறுத்துவது திட்டம். 11 ஆயிரம் வோல்ட் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டரும், கட்டடத்துக்கு மேலே கம்பி போனால் 3.7 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்பது விதி. சுவரில் எட்டடி உலோகத்தை நிறுத்தினால் அந்த இடைவெளி என்ன ஆகும்? ஏற்றும்போது ஒரு முனை சாய்ந்தால் என்ன ஆகும்? 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூருக்குப் பக்கத்தில் களிமேட்டில் சப்பரத்தின் உச்சி உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் போய்விட்டார்கள். அதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆடிக்காற்றும் நமக்குத் தெரியும். கயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று நம் மாடியிலும் அடிக்கிறது. ஆணி இளகிய தகடு பாய்மரமாகிவிடும். பறந்து கம்பியில் விழுந்தால் ஆறு வீட்டோடு நிற்காது. இல்லாத நோய்க்கு மருந்து வாங்கப் போய், இருக்கிற உயிருக்கு ஆபத்தைக் கூலி கொடுத்து அழைத்து வருவதாக ஆகிவிடும்.

என் யோசனைகள்

ஒன்று. தகடு விஷயத்தை இந்தக் கூட்டத்தில் நிறுத்திவைப்போம். அட்வான்ஸ் எதுவும் கொடுக்க வேண்டாம்.

இரண்டு. முறையாக அளப்போம். 50 ஆட்டத்துக்கான காந்தப்புல மீட்டர் கிடைக்குமா என்று கோவில்பட்டி நேஷனல் பொறியியல் கல்லூரியின் மின்னியல் துறைக்கு நம் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதுவோம். கிடைத்தால், எல்லா வீட்டிலும் விளக்கும் ஏ.சி.யும் ஓடுகிற இரவு 7 மணி முதல் 10 மணிக்குள் அளக்க வேண்டும். படுக்கை இருக்கிற இடத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில். பகல் 11 மணிக்கு எடுத்த அளவு ஞாயிற்றுக்கிழமை எடுத்த கேஷ் பேலன்ஸ் மாதிரி, ஒன்றும் சொல்லாது.

மூன்று. ஆறு வீட்டிலும் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு மீட்டர் போர்டில் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்விப் பார்ப்போம். பூஜ்யம் வராத வீட்டில் வயரிங்கைச் சரிசெய்வோம். ஆர்.சி.சி.பி. இல்லாதவர்கள் போடட்டும். கழற்றியவர்கள் திரும்ப மாட்டட்டும். எர்த் குழிகளுக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற ஒரு முறை வைத்துக்கொள்வோம்.

நான்கு. பின்பக்கத் திறந்த தாழ்வழுத்தக் கம்பிகளை ஏரியல் பஞ்ச்டு கேபிளாக மாற்றித் தரும்படியும், 11 ஆயிரம் வோல்ட் கம்பியின் இடைவெளியை அளந்து பார்க்கும்படியும் மின்வாரியத்துக்கு மனு கொடுப்போம். மனு உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் நேரில், ஒப்புகை வாங்கிக்கொண்டு. கம்பி தாழ்ந்து தொங்குவது, தீப்பொறி பறப்பது போன்ற அவசரப் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987. எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.

ஐந்து. மேற்சொன்ன எல்லாம் செய்த பிறகும் ஏதாவது ஒரு வீட்டில் படுக்கும் இடத்தில் அளவு தொடர்ந்து 0.4-க்கு மேல் நின்றால், அந்த வீட்டுக்கு மட்டும் என்ன செய்யலாம் என்று தகுதியுள்ள மின்பொறியாளரைக் கூப்பிட்டுக் கேட்போம். தகடுதான் வழி என்று அவர் சொன்னால், எந்த இடத்தில், என்ன தடிமன், போடும் முன் எவ்வளவு, போட்ட பின் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குவோம். அந்தச் செலவைச் சங்கம் ஏற்கலாம் என்பதே என் கருத்து.

எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் கூலியும் தேவையான வீடுகளுக்கு ஆர்.சி.சி.பி.யும் சேர்த்தாலும், கேட்ட தொகையில் சிறு பங்குகூட ஆகாது. மீதி வைப்புத்தொகையிலேயே இருக்கட்டும்.

கீழ வரிசை ஆறு வீட்டாரும், அதோடு தங்கள் வீட்டிலும் கவ்விப் பார்க்க விரும்புகிற மற்றவர்களும், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் பொருளாளரிடம் பெயர் கொடுங்கள். மின்வாரிய மனுவின் நகல் அவரிடம் இருக்கிறது, கையெழுத்தும் போட்டுவிடுங்கள். அளவெடுத்த முடிவுகளை அடுத்த இதழில் வீடுவாரியாக, பெயர் இல்லாமல், எண்களோடு வெளியிடுவோம்.